குன்னூர் எலிகளும் கோட்டைக்குப்பத்துக் கூழும்

‘அரிசி தின்கிறவன் ஓட மாட்டான்’ என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லி வைத்தார்கள். சொன்னவர்கள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சி இருந்தது. அது நடந்த இடம் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. நம்ம நீலகிரியில் இருக்கிற குன்னூர். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சில கூண்டுகளில் வளர்ந்த எலிகள்தான், பஞ்சாபிக்காரன் பலசாலி, மதராஸ்காரன் சோப்ளாங்கி என்று இந்தியா முழுக்கச் சாட்சி சொல்லின. அந்த எலிகளின் கதையை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

இப்போது எழுதக் காரணம், நம் பக்கத்துப் பையன்கள். கோட்டைக்குப்பத்திலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் விடியற்காலையில் மணலில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். வலையும் படகும் இனிமேல் சோறு போடாது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த 7 நிமிடம் பெரிய விஷயம். அவர்களில் சிலர் வீட்டில் இப்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருக்கிறது. புரோட்டீன் பவுடர். மூவாயிரத்துக்கு மேல் விலை. ஒரு தாய் மூக்குத்தியை அடகு வைத்து வாங்கிக் கொடுத்ததாக என்னிடமே சொன்னாள். “மீன் தின்னா போதாதாம் மாமா, இது தின்னாத்தான் தெம்பாம்” என்றாள். மீன் பிடிக்கிற ஊரில் இப்படி ஒரு பேச்சு எப்படி வந்தது? அதற்கு விடை தேடித்தான் பழைய கதைக்குப் போகிறேன்.

நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் குப்பத்தின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. இங்கிருந்து அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது துணி மட்டும் இல்லை, ஆட்களையும்தான். பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கிய ஏழைகளைப் பதாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார்கள். 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால் பதாவியாவில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் பதாவியாவில்தான் நம்ம சோற்றைப் பற்றிய முதல் பெரிய உண்மை வெளிவந்தது.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் பலவீனப்படும். டச்சு ராணுவத்தில் சிப்பாய்கள் அடுக்கடுக்காக விழுந்தார்கள். இதை ஆராய 1886-ல் ஒரு குழு வந்தது. அதில் வந்த இளம் டாக்டர் கிறிஸ்டியான் எய்க்மான், கிருமிதான் காரணம் என்று நினைத்துக் கோழிகளை வைத்துச் சோதனை செய்தார். கோழிகளுக்கும் கால் விழுந்தது. கிருமியைத்தான் காணோம். திடீரென்று ஒரு நாள் கோழிகள் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. அதுவரை ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ‘ராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது’ என்று நிறுத்திவிட்டார். மட்ட ரகத் தவிட்டரிசி வாங்கிப் போட்டார்கள், கோழிகள் எழுந்து நடந்தன. அரசாங்க ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய ஒரு மனிதரால் உலகத்துக்கு ஒரு நன்மை நடந்தது! எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரர் பேர் யாருக்கும் தெரியாது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருளுக்குத்தான் பிற்பாடு தயமின், பி1 வைட்டமின் என்று பேர் வைத்தார்கள். சோற்றை உடம்பு எரித்துச் சக்தியாக்க அது வேண்டும். அடுப்பு நிறைய விறகு இருந்தும் பற்ற வைக்க ஆள் இல்லை என்றால் எப்படியோ, அப்படித்தான் பி1 இல்லாத சோறு. அப்படிப்பட்ட உடம்பு ஓடுவது இருக்கட்டும், நிற்கவே நிற்காது.

இந்தியாவில் இதை ஆராய வந்தவர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரர், ராணுவ மருத்துவர். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-ல் ஒரே ஒரு அறையை அவருக்குக் கொடுத்து, ‘பெரிபெரி விசாரணை’ என்று ஆரம்பித்தார்கள். 1923-ல் சர்க்கார் சிக்கன நடவடிக்கை எடுத்தபோது இந்த விசாரணைக்கும் கத்தரி விழுந்தது. எந்தக் காலத்திலும் முதலில் வெட்டுவது ஆராய்ச்சியைத்தான். 1925-ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1928-ல் அது ‘ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள்’ என்று முழு அமைப்பாகி, மெக்காரிசன் முதல் இயக்குநர் ஆனார்.

அங்கே அவர் செய்த சோதனைதான் பிரசித்தம். ஒரே வம்சத்து இளம் எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, வாரம் ஒரு தடவை இறைச்சி. அடுத்ததற்குப் பட்டாணியர் சாப்பாடு. பிறகு மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி. கடைசிக் கூட்டத்துக்கு ‘மதராசி’ சாப்பாடு: கழுவிக் கழுவிச் சத்துப் போன தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், பேருக்குப் பால். சில மாதம் கழித்து எடை போட்டார். சீக்கியச் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம். மதராசிச் சாப்பாட்டு எலி 155 கிராம். நான் சொன்ன வரிசையிலேயே மற்றவை நடுவில் இறங்கிக்கொண்டே வந்தன.

பார்த்தவர்கள் எல்லாரும் இதை எப்படிப் படித்தார்கள்? வெள்ளைக்காரச் சர்க்காருக்கு ஏற்கெனவே ‘போர்க்குலம்’ என்று ஒரு சித்தாந்தம் இருந்தது. பஞ்சாபி, கூர்க்கா, பட்டாணியன் இவர்கள்தான் சண்டை போடப் பிறந்தவர்கள், தெற்கத்தியான் கணக்கு எழுதப் பிறந்தவன் என்று. குன்னூர் எலி வரிசையும் ராணுவத்தில் ஆள் எடுக்கும் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. ‘பார், எலியே சொல்லிவிட்டது’ என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் வரைக்கும் இது இறங்கியது. நான் படித்தது பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில். பேர் சொல்ல வேண்டாம், அங்கே ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், ஓட்டப் பந்தயத்தில் யார் பின்தங்கினாலும் ‘சாக் தெ ரி’ என்பார். அரிசி மூட்டை என்று அர்த்தம். குப்பத்திலிருந்து போன எனக்கு அந்தப் பட்டம் அதிகமாகவே கிடைத்தது. அவரும் மத்தியானம் சோறுதான் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

ஆனால் எலிகள் உண்மையில் சொன்னது நேர் எதிரான சங்கதி. எல்லா எலிகளும் ஒரே வம்சம். ரத்தத்தில் வித்தியாசமே இல்லை. தட்டில் மட்டும்தான் வித்தியாசம். அப்படியானால் பலம் பிறப்பில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மெக்காரிசனே அப்படித்தான் எழுதினார். போர்க்குலச் சித்தாந்தத்தின் அஸ்திவாரத்தை அவர் எலிகள் கடித்துவிட்டன. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு சோதனையும் அவர் செய்தார், அதை இந்த மாதிரிப் பேச்சில் யாரும் எடுப்பதே இல்லை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டப்பா இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸ், ஜாம், சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் வளர்ச்சி குன்றி, எரிச்சல் பிடித்து, வேலைக்காரர்களைக் கடித்தன. இரண்டு மாதத்தில் ஒன்றை ஒன்று கொன்று தின்ன ஆரம்பித்தன. ராஜ்யம் ஆண்ட நாட்டின் சாப்பாட்டு லட்சணம் இது.

எனக்கு மெக்காரிசனிடம் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ‘மதராசி சாப்பாடு’ என்று ஒன்று உண்டா? தஞ்சாவூர் மிராசுதார் வீட்டு இலையும், தர்மபுரிக் குடியானவன் களியும், நம் குப்பத்துக் கருவாட்டுக் குழம்பும் ஒன்றா? சீக்கியருக்கு வசதியான நிலக்காரன் வீட்டுத் தட்டையும், நமக்கு ஏழைத் தட்டையும் வைத்து எடை போட்டால் ஏழைதான் தோற்பான். நான் சிறு பையனாக இருந்தபோது நம் வீடுகளில் காலையில் கேழ்வரகுக் கூழ்தான். கேவுரு என்போம். சோளமோ கம்போ கலந்தும் இருக்கும். கூடவே சுட்ட கருவாடு, வெங்காயம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, பாலைவிட அதிகம். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் கிடைப்பது தனி. இதை எந்த எலிக்கும் யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

அதோடு புழுங்கல் அரிசி விஷயம். பெரிபெரி இந்தியாவில் அதிகமாக இருந்தது, நமக்கு வடக்கே கோதாவரி, விசாகப்பட்டினம் கரையோர ஜில்லாக்களில். நம் பக்கம் அவ்வளவு இல்லை. அவர்களும் அரிசி, நாமும் அரிசி, என்ன வித்தியாசம்? அவர்கள் சாப்பிட்டது மில்லில் தீட்டிய பச்சரிசி. நாம் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். மெக்காரிசனுக்குப் பின் 1935-ல் குன்னூருக்கு இயக்குநராக வந்த ஆய்க்ராய்டு இதை நன்றாக விளக்கி எழுதினார். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற வார்த்தை தெரியாது. அவர்கள் அவித்தது உமி சுலபமாகப் போகவும், அரிசி உடையாமல் இருக்கவும்தான். அதனால் அவர்களை விஞ்ஞானி என்று புகழவும் நான் தயாரில்லை, ஆனால் பலன் பலன்தான். ஆய்க்ராய்டு காலத்தில் இன்னொன்றும் கண்டார்கள். தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழக்கமான சாப்பாட்டோடு கொஞ்சம் ஆடை நீக்கிய பால் சேர்த்துக் கொடுத்தபோது உயரமும் எடையும் கூடின. அரிசியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பக்கத்தில் ஒன்று சேர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, எலி வளர்வது வேறு, மனிதன் ஓடுவது வேறு. ஓடுகிறவனுக்கு எரிபொருள் எது? இதில் சண்டை பழையது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு லவுவாசியே என்றால் தெய்வம். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று காட்டியவர். 1790 வாக்கில் செகேன் என்ற தம் உதவியாளரை உட்கார வைத்தும், வேலை செய்ய வைத்தும், எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்தார். வேலை செய்தால் அதிகம் எரிகிறது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, படமும் வரைந்தார். 1794-ல் புரட்சிக்காரர்கள் லவுவாசியேவின் தலையை வெட்டினார்கள். எரிவது என்ன என்ற கேள்வி பாக்கி நின்றது.

தசை இறைச்சி, ஆகவே தசை எரிப்பதும் இறைச்சிச் சத்துதான் என்று ஜெர்மனியில் லீபிக் சொன்னார். பெரிய மனிதர், எல்லாரும் தலையாட்டினார்கள். 1865-ல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தில் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார்கள். முதல் நாளிலிருந்தே மாவு, கொழுப்பு, சர்க்கரை தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை. சுமார் 1950 மீட்டர் உயரம் ஏறி, தங்கள் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்தால், உடம்பில் எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது. மாவும் கொழுப்பும்தான் மலையேற்றியிருக்கின்றன. லீபிக் கட்சி அன்றே தோற்றது. ஆனால் ‘பலம் என்றால் இறைச்சிச் சத்து’ என்ற பேச்சு மட்டும் இன்றுவரை தோற்கவில்லை. டப்பா விற்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

டப்பா என்றதும் சாண்டோ நினைவுக்கு வருகிறார். யூஜென் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் 1905 வாக்கில் இந்தியாவில் சுற்றுப் பயணம் செய்து மார்பை விரித்துக் காட்டினார். ஊர் முழுக்கச் சாண்டோ பைத்தியம். நம் தமிழில் உடம்பு வைத்தவனுக்கே சாண்டோ என்று பட்டம் வந்தது. சாண்டோ சின்னப்பா தேவரை யாருக்குத் தெரியாது? கையில்லாத பனியனுக்குக்கூட அவர் பேர்தான். அந்த மனிதர் இங்கிலாந்தில் தம் பேரில் கோகோ பவுடர் டப்பா போட்டார், ஆரோக்கியமும் பலமும் தரும் என்று. முதல் உலகப் போர்க் காலத்தில் கம்பெனி மூழ்கியது. உடம்பை டம்பலால் வளர்த்தவர், விற்றது கோகோ. எண்பதுகளில் டெலிவிஷன் வந்தபோது கபில்தேவ் பூஸ்ட் குடித்ததும் அதே வழிதான். கபில் பந்து போட்டது அந்தப் பானத்தாலா? என் பேரப்பிள்ளைகள் அப்படித்தான் நம்பினார்கள்.

உண்மையில் விளையாட்டுக்காரன் வயிற்றில் என்ன இருக்க வேண்டும் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி, அதோடு எட்டிக் கொட்டை விஷமான ஸ்டிரிக்னினைக் கொடுத்து ஓட்டினார்கள். அவர் சாகாமல் தங்கப் பதக்கம் வாங்கியது ஆயுசு கெட்டி. இருபது வருஷம் கழித்து, 1924-ல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர்கள், தள்ளாடி விழுந்தவர்களுக்குச் சர்க்கரை அளவு அடிமட்டத்தில் இருப்பதைக் கண்டார்கள். மறு வருஷம் ஓடும்போதே மிட்டாய் கொடுத்தார்கள். விழவில்லை. 1960களின் நடுவில் சுவீடனில் பெரிஸ்ட்ரோம், ஹல்ட்மான் என்ற இருவர் தொடைத் தசையில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து முடிவாகச் சொன்னார்கள்: நெடுநேர ஓட்டம், தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்தை நம்பி இருக்கிறது. அது தீர்ந்தால் கால் நின்றுவிடும். அதை நிரப்ப வழி? சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, கஞ்சி.

ஆகவே, எந்த அரிசிக்காக என்னை மூட்டை என்றார்களோ அதே மாவுச்சத்தை மாரத்தான்காரர்கள் போட்டிக்கு முந்தின நாள் வயிறு முட்டத் தின்கிறார்கள். உலகத்தில் அதிக தூரம் வேகமாக ஓடுகிற கென்யாக்காரர்கள் சாப்பாட்டைக் கணக்கெடுத்தபோது, முக்கால் பங்குச் சக்தி மாவுச்சத்திலிருந்து வந்தது. அவர்கள் முக்கியச் சாப்பாடு உகாலி, அதாவது மக்காச்சோளக் களி. களி கிண்டுகிற துடுப்பைக்கூட நம் ஊர்த் துடுப்போடு மாற்றி வைத்தால் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறும் சோறு மட்டும் போதும் என்று நான் சொன்னால் அது பொய். மில்கா சிங் தம் ஓட்டம் ஆரம்பித்த கதையைச் சொல்லும்போது, ராணுவத்தில் ஓட்டப் பயிற்சிக்குத் தேர்வானால் கூடுதலாகப் பால் கிடைக்கும் என்பதற்காகவே ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். பிரிவினையில் குடும்பத்தைப் பறிகொடுத்துப் பசியோடு வந்த பையன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். சீக்கியர் சாப்பாடு என்று குன்னூர் எலிக்குக் கிடைத்தது அந்தச் சீக்கியப் பையனுக்குக் கிடைக்கவில்லை! ஏழைக்கு எந்த ஊரிலும் மதராசிச் சாப்பாடுதான்.

கடல்காரர்களையும் சொல்ல வேண்டும். 1954-ல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார், முதல் ஆளாக. ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீரில். சோறு தின்று வளர்ந்த கரையோரத் தமிழன்தான்.

நீராகாரத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா விடியுமுன் ஏரிக்குக் கிளம்பும்போது ஒரு பெரிய சொம்பு நீராகாரம், கை நிறைய உப்புப் போட்டுக் கலக்கிக் குடிப்பார். கழி ஊன்றிப் படகு தள்ளுவது சாமானிய வேலை இல்லை, சேற்றில் காலும் வழுக்கும், வெயில் ஏறினால் முதுகு உப்புப் பூக்கும். அந்த உப்பு ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், குடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன என்று விளக்கினார். 1965-ல் புளோரிடாவில் டாக்டர் கேட், கால்பந்துப் பையன்கள் வெயிலில் சுருண்டு விழுவதைப் பார்த்துத் தண்ணீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலந்து கொடுத்தார். அதுதான் கேட்டரேட், இன்றைக்குக் கோடிக்கணக்கில் வியாபாரம். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலாநபிஸ் அதே தத்துவத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரைக்குப் பதில் அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தாலும் பலிக்கும் என்று பிறகு கண்டார்கள். எங்கள் அப்பாவின் சொம்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ரத்தக் கொதிப்புள்ள என் வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு உப்பைக் கொட்டிக் குடிக்க வேண்டாம். கழி ஊன்றுகிறவனுக்கு உப்பு வேர்த்துப் போகும், சாய்வு நாற்காலியில் இருப்பவனுக்கு எங்கே போகும்?

நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில், விளையாட்டு விழாவுக்குப் போகும் மாணவர்களின் சாப்பாட்டுப் படிக் கோப்பு என் மேசைக்கு வரும். ஆளுக்கு இட்லி, மதியச் சாப்பாடு, மாலையில் டீ. ஒரு வருஷம் யாரோ புண்ணியவான் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டார். ‘சிற்றுண்டி என்ற தலைப்பில் வாழைப்பழம் அடங்குமா’ என்று தணிக்கை ஆட்சேபணை வந்து, மூன்று மாதம் அந்தக் கோப்பு மேலும் கீழும் போனது. ஓடிய பையன்கள் அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

சர்க்காரைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. காமராஜர் 1956-ல் ஆரம்பித்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 1989-ல் கலைஞர் சேர்த்த இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, அது படிப்படியாகப் பள்ளி நாள் எல்லாவற்றுக்கும் முட்டை ஆனது. குன்னூரில் ‘பக்கத்தில் ஒன்று சேர வேண்டும்’ என்று கண்டதைத் தட்டில் வைத்துக் காட்டியது இதுதான். இன்று நம் குப்பத்துப் பிள்ளைகள் எங்களைவிட ஒரு பிடி உயரமாக நிற்கிறார்கள். பவுடர் டப்பா வருவதற்கு முன்பே அவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பேர் மாறியது. அங்கே இயக்குநராக இருந்தவர் டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்து 2019-ல் மறைந்தார். அறுபதுகளில் உலகமே ‘ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் புரதப் பஞ்சம்’ என்று கத்தி, புரத மாவுகளை இறக்குமதி செய்யச் சொன்னபோது, அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: பிள்ளைகள் தாங்கள் சாப்பிடும் தானியத்தையும் பருப்பையும் வயிறு நிறையச் சாப்பிட்டாலே பெரும்பாலும் புரதமும் கிடைத்துவிடும், பஞ்சம் புரதத்துக்கு இல்லை, சோற்றுக்கே. இதைச் சொல்ல அப்போது துணிச்சல் வேண்டியிருந்தது. பிறகு உலகம் அவர் பக்கம் வந்தது. அதே நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்க்கப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. விளையாட்டுக்காரர்களுக்கும் சாதாரண உணவிலிருந்தே தேவையான புரதம் கிடைக்கும் என்கிறது. மதராசி எலியை மட்டமாக எடை போட்ட அதே அமைப்பின் வாரிசு!

நான் அந்தத் தாயிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பையன் எடை 60 கிலோ. கடுமையாக ஓடிப் பழகுகிறவனுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும், ஆக 72 முதல் 96 கிராம். நாள் முழுக்க 400 கிராம் அரிசி, அதில் சுமார் 30. பருப்பு ஒரு கை, 50 கிராம், அதில் 11. ஒரு முட்டை, 6. மீன் 200 கிராம் தின்றால் 36-க்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் 83. டப்பா எதற்கு?

அவள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். “200 கிராம் மீன் எங்க வீட்ல எங்க மாமா இருக்கு? நல்ல இறாலு கம்பெனிக்குப் போவுது, மடவை மெட்ராஸ் வண்டில ஏறுது. ஊட்டுக்கு வர்றது பொடி. அதுவும் ஏரியில தண்ணி இருந்தாத்தான்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் மீன் எப்போதும் 200 கிராம் இருக்கும். விற்றால் காசு, தின்றால் புரதம் என்ற நிலையில் நம் வீடுகள் விற்கத்தான் விற்கும். விற்ற காசில் டப்பா வாங்கினால், பால் கழிவிலிருந்து எடுத்த பவுடரை விலை ஏற்றி வாங்கி, நம் மீனை விலை இறக்கிக் கொடுக்கிறோம் என்றாகிறது. அது வரைக்கும் அவளுக்கும் புரிந்தது. கடைசியில், விற்காத கவளையையும் நெத்திலியையும் பையனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி, கூழை மறுபடி கிண்டுகிறேன் என்றாள். மூக்குத்தியை மீட்க இன்னும் இரண்டு தவணை இருக்கிறது.

பையனிடம் தனியாக ஒன்று சொன்னேன். 1500 மீட்டருக்கு முந்தின நாள் மலைபோல் சோறு தின்ன வேண்டியதில்லை, அது மாரத்தானுக்கு. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் லேசாக இட்லியோ கூழோ குடித்துவிட்டுப் போ, தண்ணீர் மறக்காதே, மிச்சம் எல்லாம் கால் பழக்கம். போன வாரம் 7 நிமிடம் 20 விநாடிக்கு வந்திருக்கிறான்.

துடுப்புப் படகுப் போட்டிக்கு முன்னால் அந்தக் காலத்தில் நம் குப்பங்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முந்தின ராத்திரி நண்டு ரசம் வைத்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.